எலிகளைச் சிரிக்கவைக்கும் விரல்கள்

இரு கைகளையும் மார்பின் குறுக்கே கட்டி, விரல்களை அக்குளில் இடுக்கிக்கொண்டு பேருந்து நிறுத்தத்தில் நிற்கிறார் ஓர் அம்மையார். வெயில் சுள்ளென்று அடிக்கிறது. "என்னம்மா, உடம்பு சரியில்லையா? குளிருதா?" என்று பக்கத்தில் நிற்பவர் கேட்டால், "இல்லீங்க, கைச்சூடு ஆறிடக் கூடாதுன்னு பாக்கறேன். ஆறின கையோட போனா அதுங்க சிரிக்காது" என்று பதில் வரும். கேட்டவர் ஓரடி தள்ளி நின்றுகொள்வார். எவை சிரிக்கா, கைச்சூட்டுக்கும் சிரிப்புக்கும் என்ன உறவு என்று மேலும் வினவும் துணிவுடையோர் சிலரே. அந்தச் சிலரும் தம் பேருந்தைத் தவறவிட்டே தீர்வர்.

அவை எலிகள். அவற்றுக்குக் கிச்சுக்கிச்சு மூட்டுவது அம்மையாரின் தொழில். விளையாட்டாகச் சொல்லவில்லை, மாதச் சம்பளமும், கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையும், மேலதிகாரியும் உள்ள மெய்யான தொழில். மூளை ஆராய்ச்சி நிலையமொன்றின் மூன்றாம் மாடியில் அது நாள்தோறும் நடைபெறுகிறது. அட்டையில் 'ஆய்வக உதவியாளர்' என்று அச்சிட்டிருக்கிறார்கள். வாயிற்காவலர் முதல் இயக்குநர் வரை வழங்கும் பெயரோ கிச்சம்மா. அப்பெயரால் அழைத்தால்தான் அவர் திரும்பிப் பார்ப்பார்.

தம் விரலைத் தாமே அக்குளில் வைத்திருக்கிறாரே, கூச்சம் இல்லையா என்று ஒருநாள் கேட்டேன். நானும் அவரும் ஒரே அடுக்ககத்தில் மேலும் கீழுமாகக் குடியிருப்பவர்கள். கேட்டதுதான் தாமதம், படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். "நம்ம விரலு எப்ப, எங்க, எப்படி நகரப்போவுதுன்னு நம்ம மூளைக்கு முன்கூட்டியே தெரிஞ்சிடும். தெரிஞ்ச சேதிக்கு யாராவது சிரிப்பாங்களா? அதான் நமக்கு நாமே கிச்சுக்கிச்சு மூட்டிக்க முடியலை. அடுத்தவங்க விரலுன்னா மூளைக்கு முன்னறிவிப்பு கிடையாது. அய்யோ, என்கிட்ட மட்டும் யாரும் வந்துடாதீங்க! விரலை நீட்டிக் காட்டினாலே நான் உருண்டுடுவேன்." சொல்லும்போதே, யாரும் தொடாமலே, உடல் நெளிந்து இரண்டு படி கீழே சறுக்கினார்.

நகம் என்பது அவர் விரலில் பெயரளவுக்குத்தான் உண்டு; காலைதோறும் ஒட்ட வெட்டி, அரத்தால் இழைத்து, கன்னத்தில் தேய்த்துச் சரிபார்த்த பிறகே வீட்டை விட்டு இறங்குவார். மணமுள்ள சோப்பு ஆகாது; எலிகளின் மூக்கு நம்முடையதினும் கூர்மை. விரல்கள் ஓய்வறியா. மாடிப்படியின் கைப்பிடி, பேருந்து இருக்கையின் முதுகு, நீண்டுகொண்டே போகும் கூட்டங்களில் மேசையின் அடிப்பாகம் என்று கிடைத்த இடத்திலெல்லாம் அவை குறுகுறுவென்று ஓடும். ஒருமுறை காய்கறிக் கடையில் பூசணி ஒன்றைத் தூக்கி, அதன் அடிவயிற்றில் தம்மையறியாமல் விரலோட்டினார். கடைக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "அக்கா, அது சிரிக்காதுக்கா. எடைபோடட்டுமா?" என்றார்.

எலி சிரிக்குமா என்ற ஐயம் வாசகருக்கு எழும். பழைய இலக்கணத்தார் மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்து, அவற்றுள் நகையை முதலில் வைத்தனர். அதை மாந்தர்க்கே உரியதென்று நெடுங்காலம் எண்ணியிருந்தோம். யானைமுகனைச் சுமக்கும் பேறுபெற்ற குலத்துக்கு அந்நகை மறுக்கப்படவில்லை என்று அண்மைக்கால ஆய்வுகள் காட்டுகின்றன. ஆய்வகத்துக்கே போய்க் கிச்சம்மாவின் சொல்லில் கேட்பதே முறை: "அதுங்க சிரிக்கறது நம்ம காதுக்கு எட்டாதுங்க. நம்ம காதுக்கு மேல்மாடியில குடியிருக்கற சத்தம் அது. இதோ இந்தப் பெட்டி இருக்கே, இது அந்தச் சத்தத்தைக் கையைப் பிடிச்சுப் படியிறக்கி நம்மகிட்ட கூட்டிட்டு வருது." பெட்டியின் குமிழைத் திருகியதும், ஈரவிரலால் கண்ணாடியைத் துடைத்தாற்போலக் கீச்சுக்கீச்சென்று ஒலி கொட்டுகிறது. முதுகில் தொட்டால் ஒலி; புரட்டி வயிற்றில் தொட்டால் ஒலிமழை. கையை எடுத்தால் எலி அந்தக் கையைத் துரத்திக்கொண்டு வருகிறது. களிப்பு மிகுந்தால் நின்ற இடத்திலேயே துள்ளுகிறது.

"சிரிப்புன்னு நான் சொல்லுவேன். டாக்டரம்மா எழுதறப்போ 'மகிழ்ச்சியோட சேர்ந்து வர்ற ஒலி'ன்னுதான் எழுதுவாங்க. ஒரு சொல்லு கூடக்குறைய எழுதிட்டா உலகத்துல இருக்கற மத்த டாக்டருங்கல்லாம் பாஞ்சிடுவாங்களாம். எனக்கென்ன, யாரு பாயப்போறா?" டாக்டரம்மா என்பவர் இந்த ஆய்வின் தலைவி. எலியின் மூளையில் எவ்விடத்தில் விளையாட்டும் சிரிப்பும் பிறக்கின்றன என்று தேடுபவர். எலிமயிர் பட்டால் அவருக்குத் தும்மல் நிற்காது. வாழ்நாளை எலிகளுக்கே ஒப்புக்கொடுத்த அப்பெருமாட்டி கண்ணாடிச் சுவருக்கு அப்பால் நின்றுதான் அவற்றைக் காண இயலும். ஆகவேதான் கண்ணாடிக்கு இப்பால் கிச்சம்மா.

பிற்பகலில் கண்ணாமூச்சி. இதுவும் ஆய்வுதான். ஐம்பதைத் தாண்டிய அம்மையார் அட்டைப்பெட்டிக்குப் பின்னால் மூச்சடக்கிக் குந்தியிருக்க, எலி மூலைமூலையாகத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். பரிசு தின்பண்டமன்று, ஒரு கிச்சுக்கிச்சு. பின்பு எலி ஒளிந்துகொள்ளும், இவர் தேடுவார். "ஒளிஞ்சிருக்கறப்போ அதுங்க வாயையே திறக்காது. அவ்வளவு நேர்மை. எங்க வீட்டுக்காரர் ஒளிஞ்சா ரெண்டாவது நிமிஷமே இருமிடுவாரு."

கூண்டுகளில் எண்கள் ஒட்டியிருக்கின்றன. கிச்சம்மாவுக்கு எண்கள் பிடிபடா, உறவுதான் பிடிபடும். கொழுத்தது பெரியப்பா. எடுத்ததற்கெல்லாம் சிணுங்குவது நாத்தனார். கை உள்ளே நுழையுமுன்பே மல்லாந்து வயிற்றைக் காட்டி, பெட்டி அதிரச் சிரிப்பவன் சின்னவன். மூலையில் முன்னங்கால்களைச் சேர்த்துவைத்து, மற்றவை ஆடும் ஆட்டத்தை மேற்பார்வை செய்துகொண்டு, எத்தனை விரல் ஓட்டினாலும் ஒரு கீச்சுக்கூட உதிர்க்காமல் வீற்றிருப்பவள் பெரியக்கா. எல்லா எலியும் ஒன்றுபோல் சிரிப்பதில்லை என்பதும் ஆய்வாளர் கண்டதே.

கடைசிப் பெயர் சொந்த அனுபவத்தில் விளைந்தது. கிச்சம்மாவுக்கு மெய்யாகவே தமக்கையார் ஒருவர் உண்டு. பெண்கள் பள்ளியொன்றின் தலைமையாசிரியை. அவர் நடைவழியில் வந்தால் மின்விசிறியும் ஓசையடக்கிச் சுழலும் என்பார்கள். "சின்ன வயசுல எனக்குக் கிச்சுக்கிச்சு மூட்டினதே அக்காதாங்க. இடுப்புகிட்ட ஒரு விரலைக் கொண்டுவந்தா போதும், வீடே அலறும். தலைமையாசிரியை ஆனாங்க, விரலை மடக்கி உள்ளே வெச்சுட்டாங்க." தங்கை என்ன வேலை செய்கிறாள் என்று உறவினர் கேட்டால், "ஆராய்ச்சி" என்பார் தமக்கையார். என்ன ஆராய்ச்சி என்று தொடர்ந்தால், "பெரிய ஆராய்ச்சி" என்று முடித்துவிடுவார்.

அண்மையில் அவர் பொறுமை முடிந்தது. "என் ஸ்கூல் ஆபீஸ்ல ஒரு இடம் காலி இருக்கு. திங்கட்கிழமை வந்து சேரு. எலிக்கு இடுப்புல விரலு விடறதெல்லாம் ஒரு பொழப்பாடி?" என்று தொலைபேசியில் தீர்ப்பளித்தார். தமக்கையின் சொல்லுக்கு மறுசொல் கிச்சம்மாவின் அகராதியில் இல்லை. நாக்கில் வந்ததெல்லாம், "சனிக்கிழமை பொதுமக்கள் வந்து பாக்கற நாளுக்கா. ஒருதடவை வந்து பாத்துடேன்" என்பதே. "வரேன். பாத்துட்டு முடிவு பண்றேன்" என்றது மறுமுனை.

அந்த வாரம் கிச்சம்மாவின் விரல்கள் கைப்பிடிகளில் ஓடவில்லை.

சனிக்கிழமை கூடம் நிறைந்திருந்தது. கடைசி வரிசைக்கும் தெரியட்டும் என்று, கிச்சம்மா ஏணியில் ஏறித் தொடவேண்டிய உயரத்துக்கு ஒரு மேசையை வரவழைத்திருந்தார். புகைப்படக்காரர்கள் பயன்படுத்தும் விளக்குகள் இரண்டை இருபுறமும் நிறுத்தியிருந்தார். வெள்ளை அங்கியின் இஸ்திரி மடிப்பு கத்திபோல் நின்றது. டாக்டரம்மா கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு அப்பால் நின்று, வந்தவர்களை வரவேற்றுக்கொண்டிருந்தார். முதல் வரிசையின் நடுவில், கைப்பையை மடியில் நிமிர்த்திவைத்து, தமக்கையார்.

ஒலிவாங்கியைக் கையில் பிடித்துக்கொண்டு கிச்சம்மா, ஆய்வில் கண்டறிந்த உண்மைகளை ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னார், நன்றாகவே சொன்னார். "எல்லாத்தையும்விட முக்கியமானது ஒண்ணு இருக்குங்க. எலியை உயரமான இடத்துல நிறுத்தி, பளீர்னு வெளிச்சம் போட்டுட்டா, எத்தனை கிச்சுக்கிச்சு மூட்டினாலும் சிரிக்காது. மூளைக்குள்ள சிரிப்புக்குச் சுறுசுறுப்பாகற இடம் அப்படியே அடங்கிப்போயிடுது. பயமும் சிரிப்பும் ஒரே நாற்காலியில உக்காராதுங்க." கைதட்டல் எழுந்தது. அந்த மகிழ்ச்சியோடு சின்னவனைக் கூண்டிலிருந்து எடுத்து, இரு படி ஏறி, உயரமான மேசையின்மேல், இரண்டு விளக்குகளின் நடுவில் இறக்கிவைத்தார்.

விரல்கள் ஓடின. பெட்டி 'உஸ்ஸ்' என்றது. வயிற்றில் ஓட்டினார். 'உஸ்ஸ்.' சின்னவன் மேசையோடு மேசையாய் ஒட்டிப் படுத்துக்கொண்டான்.

"பெட்டிக்கு கரண்ட் வரலையா?"

"எலி இன்னைக்கு லீவு போலிருக்கு."

"நீங்க கொஞ்சம் சிரிச்சுக் காட்டுங்கம்மா, அதைப் பாத்துச் சிரிக்கும்!"

கிச்சம்மாவின் நெற்றியில் வியர்வை அரும்பியது. பார்வை சின்னவனிடமிருந்து முதல் வரிசைக்குத் தாவி, அங்கே நிற்க அஞ்சி மீண்டும் சின்னவனிடம் வந்தது. திங்கட்கிழமை கண்முன் தெரிந்திருக்க வேண்டும்.

தமக்கையார் எழுந்தார். பழக்கமில்லாத கூடம்கூட அடங்கிப்போயிற்று.

"ஏண்டி! அதை இம்மாம் உசரத்துல ஏத்திவெச்சு, மூஞ்சியில லைட்டும் அடிச்சு, இத்தனை பேர் முறைச்சுப் பாத்தா யாருக்குடி சிரிப்பு வரும்? இப்பத்தானே நீயே மைக்குல சொன்னே? சொன்ன வாய் ஆறல, அதுக்குள்ள மறந்துட்டியா?"

கிச்சம்மா மேசையை அண்ணாந்து பார்த்தார், விளக்கைப் பார்த்தார், இடுப்பைப் பிடித்துக்கொண்டு தாமே சிரித்தார். கூடம் கொல்லென்றது. வாசலுக்கு அப்பால் டாக்டரம்மா சிரிக்கத் தொடங்கித் தும்மலில் முடித்தார்.

"லைட்டை அணைங்க! எல்லாரும் கீழே உக்காருங்க, சத்தம் போடாம! ஐயா, முட்டி வலியா? பரவாயில்லை, நீங்க மட்டும் நாற்காலி. மத்தவங்க இறங்குங்க!" என்று கிச்சம்மா குரல்கொடுத்தார். அறை அரையிருட்டாயிற்று. சின்னவன் தரையிலிருந்த தன் பழைய அட்டைப்பெட்டிக்குள் இறங்கினான். கிச்சம்மா அவசரப்படவில்லை. கைகளை அக்குளில் இடுக்கிச் சூடேற்றினார். கையை உள்ளே வைத்துச் சும்மா இருந்தார். மீசை வந்து முகர்ந்தது. சுண்டுவிரலைக் கடிப்பதுபோல் கடித்துவிட்டு ஓடியது, திரும்பி வந்தது. ஒரு விரல் அசைந்தது. ஒலிப்பெட்டி 'கீச்' என்றது. அவ்வளவுதான், பிறகு மடை திறந்தது. எலி சிரிக்க மாந்தர் சிரிக்க, மாந்தர் சிரிப்பில் எலி துள்ள, முட்டி வலிக்காரரும் நாற்காலியை விட்டிறங்கித் தவழ்ந்து வந்தார். ஒரே ஆய்வு முடிவு அன்று இருமுறை மெய்ப்பிக்கப்பட்டது, முதல்முறை தவறிப்போய்.

கூட்டம் கலைந்த பின்னும் தமக்கையார் தரையிலேயே இருந்தார். அவர் மட்டும் சிரித்திருக்கவில்லை. கூண்டு வரிசையை ஒவ்வொன்றாய்ப் பார்த்துவந்த பார்வை ஓரிடத்தில் நின்றது.

"அந்த மூலையில ஒண்ணு எல்லாரையும் முறைச்சுக்கிட்டு உக்காந்திருக்கே. அது யாரு?"

அப்போதுதான் உள்ளே எட்டிப் பார்த்த டாக்டரம்மா, உதவும் நல்லெண்ணத்தோடு, "அதுதாங்க பெரியக்கா. இதுவரைக்கும் சிரிச்சதே இல்லை" என்று சொல்லித் தும்மிவிட்டுப் போனார்.

தமக்கையார் எலியைப் பார்த்தார். எலி தமக்கையாரைப் பார்த்தது. இருவருள் யாரும் முதலில் பார்வையை விலக்குவதாயில்லை.

"அக்கா, அது வந்து... சும்மா ஒரு பாசத்துல..."

"திங்கட்கிழமை நீ வர வேணாம்."

"அக்கா?"

"பெரியக்காவைச் சிரிக்கவைக்காம பாதியிலயா விட்டுட்டு வருவே? அப்படித்தான் நான் உன்னை வளத்தேனா? தள்ளு. கையை எங்க வெக்கணும், சொல்லு."

புடவை முந்தானையைச் செருகிக்கொண்டு தமக்கையார் முன்னால் நகர்ந்தார். கிச்சம்மா அவர் கையைத் தொட்டுப் பார்த்துப் பதறினார். "ஐயோ, ஐஸ்கட்டி மாதிரி இருக்கு! இந்தக் கையோட தொட்டா ஏழு ஜென்மத்துக்கும் சிரிக்காது. இருக்கா, சூடு பண்ணணும்."

பழக்கதோஷம். வேறெதையும் எண்ணாமல், தமக்கையின் வலக்கையை இழுத்துத் தம் அக்குளில் வைத்து இறுக இடுக்கிக்கொண்டார். பெரியக்கா கூண்டிலிருந்து மேற்பார்வை செய்துகொண்டிருந்தது. தமக்கையார் முகம் அப்போதும் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் நிற்பவர் முகம்தான்.

அக்குளுக்குள் ஒரு விரல் மெல்ல நிமிர்ந்தது.