ஜெரார்டு என்றால் ஈட்டி

என் பெயர் ஜெரார்டு. தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் இந்தப் பெயரோடு வளர்ந்து பார்த்தால்தான் அந்த எரிச்சல் தெரியும். நான்காம் வகுப்பில் டீச்சர் ஒரு வேலை கொடுத்தார். திங்கட்கிழமை எல்லோரும் எழுந்து தங்கள் பெயருக்குப் பொருள் சொல்ல வேண்டும். செல்விக்கும் வெற்றிவேலுக்கும் என்ன கவலை? அங்கேயே சொல்லிவிட்டார்கள். நான் முழித்தேன்.

"ஏலே, ஒம்பேரு காலி டப்பாடா. தட்டுனா சத்தம் மட்டுந்தான் வரும்" என்றான் வெற்றிவேல். வகுப்பே சிரித்தது.

கொழுந்து பறித்துவிட்டு வந்த அம்மாவைக் கூடையை இறக்கக்கூட விடாமல் கேட்டேன்.

"சாமி பேருடா. சாமி பேருக்கு எதுக்கு அர்த்தம்?" என்று அடுப்படிக்குப் போய்விட்டாள். அப்பாவைக் கேட்டால், "ஒங்கம்மாகிட்ட கேளு" என்றார். இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

என் புலம்பலைக் கேட்டிருந்த மாமாதான் ஞாயிறு பூசை முடிந்து வந்து காப்பாற்றினார். தேவிகுளத்தில் கம்ப்யூட்டர் கடைக்காரனிடம் கேட்டு ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி வந்திருந்தார்.

"மருமகனே, இது ஜெர்மன்காரன் பக்கத்து ரொம்பப் பழைய பேரு. முன்பாதி ஈட்டி. பின்பாதி கெட்டி, துணிச்சல். ஈட்டியப் புடிச்சா எவனுக்கும் அசையமாட்டான்னு அர்த்தம். அந்த வெற்றிவேலு பயகிட்டப் போய்ச் சொல்லு!"

எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. கவாத்து வெட்டிப் போட்டிருந்த தேயிலைக் குச்சி ஒன்றை எடுத்துச் சீவினேன். வாசலில் நின்று வீட்டுக்குள் எறிந்தேன். அது நேராகச் சுவரில் மாட்டியிருந்த புனிதர் படத்தில் பட்டது. கண்ணாடி நொறுங்கிப் படம் கீழே விழுந்தது. ஒல்லியாக, கையில் சிலுவையோடு இருக்கும் அந்த மனிதர் பெயர்தான் எனக்கு. ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்கமாட்டார் போலிருப்பார்.

அடி விழும் என்று நின்றேன். விழவில்லை. அம்மா உட்கார்ந்து சில்லுகளைப் பொறுக்கினாள்.

"இந்தப் பேர வச்சிக்கிட்டு ஈட்டியாடா எறியுற?"

"நானா வைக்கச் சொன்னேன்? வேற நல்ல பேரா வச்சிருக்க வேண்டியதுதான?" என்று கத்தினேன்.

அம்மா படத்தை எடுத்து முந்தானையால் துடைத்தாள். எதற்கும் ஒரு கிண்டல் வைத்திருக்கும் மாமா செருப்பைக்கூட மாட்டாமல் வெளியே போய்விட்டார்.

மறுநாள் வகுப்பில் ஈட்டி என்று உரக்கச் சொன்னேன். வெற்றிவேல் தலையைக் குனிந்து நோட்டைப் புரட்டினான். அதே திமிரோடு வீட்டுக்கு வந்தேன். கண்ணாடி இல்லாத படம் அலமாரியில் குப்புறக் கிடந்தது. அதன் பின்பக்கம் பென்சிலால் இரண்டு சின்னச் சிலுவைகள். அவற்றுக்குக் கீழே என் பெயர். அம்மாவின் கோணல் எழுத்து.

பிரசவத்துக்குப் பயந்த பெண்கள் அந்தப் புனிதரிடம்தான் வேண்டிக்கொள்வார்கள். பிள்ளை உயிரோடு பிறந்தால் அவர் பெயரையே வைப்பார்கள். எனக்கு முன்னால் அம்மாவுக்கு இரண்டு குழந்தைகள் வயிற்றிலேயே செத்திருந்தன. லயம் முழுக்கத் தெரிந்த விஷயம். எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. பல வருடம் கழித்து என் மனைவி பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுதான் மாமா வாயைத் திறந்தார்.

இது எதுவும் தெரியாத அந்தத் திங்கட்கிழமை நான் பென்சிலை எடுத்தேன். அம்மாவுக்கும் அர்த்தம் தெரியட்டும் என்று, அந்த இரண்டு சிலுவைகளுக்குப் பக்கத்தில் பெரிதாக ஓர் ஈட்டி வரைந்து வைத்தேன்.