மோட்டார் கொட்டகையும் என் மாமனாரும்

எங்கள் தொழிலில் சுவர் நேராக இருக்காது, தரை மட்டமாக இருக்காது, அலமாரி மட்டும் நேராகவும் மட்டமாகவும் இருந்து தொலைக்க வேண்டும். தச்சு வேலை செய்தவர்கள் இதற்குத் தலையாட்டுவீர்கள். செய்யாதவர்களும் ஒரு தடவையாவது வருங்கால மாமனார் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருப்பீர்கள். அது போதும், நீங்களும் நம்ம ஆள்தான்.

மலாயாவில் வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலம் சூடாக இருந்த வருஷங்கள். நான் லூனாஸில் மேசை நாற்காலி செய்து விற்கிற ஒரு தளவாடக் கடையில் தச்சன். காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகள் கைக்கு அரிசியோ மருந்தோ கருவியோ போய்விடக் கூடாது என்று எல்லாவற்றையும் பூட்டி வைக்கச் சொல்லி உத்தரவு. கரங்கான் பக்கத்து எஸ்டேட் துரை, தன் பங்களாவில் கார் நிறுத்தும் மோட்டார் கொட்டகையில் இரண்டு சுவரோரமும் தரையில் நிற்கிற மாதிரி அலமாரிகள் வேண்டும் என்றார். அந்த வேலையை எனக்குப் பிடித்துக் கொடுத்தவர் அங்கே பெரிய கிராணியாக, அதாவது ஆபீசுக்கே தலைமைக் குமாஸ்தாவாக இருந்த சூசை. அவர் மகள் லூர்தைத்தான் நான் பெண் கேட்டிருந்தேன். அவர் முடியாது என்று சொல்லவில்லை. "தொரை வாயால நல்ல வேலைன்னு ஒரு வார்த்த வரட்டும். அப்புறம் கோயில்ல கல்யாண ஓலை வாசிக்கச் சொல்றேன்" என்றார். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் சாமியார் அறிவிப்பதுதான் ஓலை. துரையோ வாயில் வைத்த பைப்பை எடுத்துப் பேசுவதே அபூர்வம்.

தரை யார் கட்டியது?

கார் கழுவிய தண்ணீர் சுவரோரத்திலிருந்து நடுவில் சேர்ந்து வாசலுக்கு ஓடிப் போகட்டும் என்று மோட்டார் கொட்டகைத் தரையைச் சரிவாகத்தான் போடுவார்கள். அதன்மேல் அலமாரியை அப்படியே வைத்தால் முன்பக்கம் குனிந்து நிற்கும். அதனால் முன்பக்கத்துக்கு அடியில் சின்னச் சின்ன ஆப்பு கொடுத்துத் தூக்கி, ரசமட்டம் வைத்துப் பார்த்துச் சரி செய்வோம். நானும் என்னோடு வேலை செய்த காளிமுத்துவும் அரை நாள் மண்டியிட்டு அதைத்தான் செய்தோம். ரசமட்டத்தில் குமிழி நட்டநடுவில் வந்து நின்றபோது எனக்கு லூர்தின் முகமே தெரிந்தது.

துரை வந்தார். வாசலில் நின்று தலையை இப்படிச் சாய்த்தார், அப்படிச் சாய்த்தார். பைப்பை எடுக்காமலே ஏதோ முனகிவிட்டு நடந்தார். நான் ரசமட்டத்தைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். சூசை கிராணி என்னை மறித்து, மெதுவான குரலில் மொழிபெயர்த்தார்: "தரைய அவரு நேரா நின்னு கட்டுனாராம் தம்பி. அதனால அலமாரிதான் கோணலாம்."

கார் குண்டான கதை

அப்போதெல்லாம் பாதையில் துரைமார் கார்களைச் சுடுவது நடந்துகொண்டிருந்தது. எங்கள் துரையும் காரைக் கூலிம் டவுன் பட்டறைக்கு அனுப்பி, நான்கு பக்கமும் இரும்புத் தகடு அடித்துக் கொண்டுவரச் செய்தார். ஜன்னல் இருந்த இடத்தில் கண் மட்டும் தெரிகிற ஒரு கீறல். அவர் உயிர் அவருக்குப் பெரிது, குறை சொல்ல முடியாது. ஆனால் நான் அளவெடுத்தது தகடு அடிப்பதற்கு முந்தின கார். இதை எனக்கு ஒருவரும் சொல்லவில்லை.

துரையே ஓட்டிக்கொண்டு வந்து இரண்டு அலமாரிக்கும் நடுவே காரை நேராக நுழைத்தார். கார் உள்ளே போய்விட்டது. கதவுதான் திறக்கவில்லை. இந்தப் பக்கம் விரல்கடை திறந்து அலமாரியில் முட்டியது, அந்தப் பக்கமும் அப்படியே. உள்ளேயிருந்து சத்தம் வந்தது, ஆனால் அந்தத் தகட்டுக்குள் என்ன சொல்கிறார் என்று யாருக்கும் புரியவில்லை. காளிமுத்து எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு சலாம் வைத்தான். பின்பக்கமாகவே எடுத்துக்கொண்டு போகலாம் என்று துரைக்குத் தோன்றச் சற்று நேரமாயிற்று. அதற்குள் சூசை கிராணி வந்து, வியர்த்துப்போய் உள்ளே உட்கார்ந்திருக்கும் முதலாளியையும் வெளியே விழித்துக்கொண்டு நிற்கும் மருமகனையும் மாறி மாறிப் பார்த்தார். மருமகன் என்று நான்தான் எழுதுகிறேன், அன்றைக்கு அவர் பார்வையில் அப்படி ஒன்றும் இல்லை.

இரண்டு அலமாரியின் ஆழத்திலும் ஒரு சாண் குறைக்க வேண்டியதாயிற்று. வாளை எடுத்து அறுக்கத் தொடங்கியபோது காளிமுத்து சொன்னான்: "காட்டுல இருக்கவனுங்களால புடிக்க முடியாத தொரைய நம்ம அலமாரி புடிச்சிருச்சிலா அண்ணே."

கையைத் தூக்கு

பெண்ணுக்காக மானத்தை விட்டு, துரை கண்ணுக்கு நேராகத் தெரியட்டும் என்று ஆப்புகளையும் உருவிவிட்டேன். அலமாரி முன்னால் சாய்ந்து நின்றது, துரை இந்தத் தடவை தலையைச் சாய்க்காமல் நடந்தார். ஆனால் கதவுகள் தாமாகவே மெல்லத் திறந்துகொள்ள ஆரம்பித்தன. பூட்டிவிட்டால் தீர்ந்தது, வாஸ்தவம். ஊரே சாமான்களைப் பூட்டிக்கொண்டிருந்த நேரம், கடையில் பூட்டு எங்கே இருக்கிறது? வந்ததும் சொல்லி அனுப்புகிறேன் என்றார் கடைக்காரர் காதர் பாய்.

பங்களாவுக்குக் காவல் போட்ட ஸ்பெஷல் கான்ஸ்டபிள் ஆறுமுகம், போன மாதம் வரை பால்மரம் வெட்டி, அதாவது ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுத்துக்கொண்டிருந்தவர். கையில் துப்பாக்கி புதுசு. ஒரு மத்தியானம், நாங்கள் சாப்பிட உட்கார்ந்த நேரத்தில், காலியான கொட்டகைக்குள் ஏதோ கிறீச்சிடுவது கேட்டு அவர் எட்டிப் பார்த்திருக்கிறார். இருட்டு மூலையில் அலமாரிக் கதவு அசைந்திருக்கிறது. "யாரு உள்ள? கையத் தூக்கிக்கிட்டு வெளிய வா" என்று அவர் கத்தியதும், கதவு பணிவாக முழுசும் திறந்தது. வேறு ஒருவரும் வெளியே வரவில்லை. சுட்டுவிட்டார்.

நாங்கள் ஓடிப் போனபோது அலமாரிக்குள்ளிருந்து சிவப்பாக வழிந்து வாசல் வரைக்கும் ஓடிக்கொண்டிருந்தது. தரை அவ்வளவு சரிவு. சமையல்காரி அங்கேயே உட்கார்ந்து ஒப்பாரி வைத்தாள். பிறகுதான் துரையின் பெயிண்ட் டின்னில் குண்டு பட்டிருக்கிறது என்று தெரிந்தது. துப்பாக்கியைத் தரையில் வைத்துவிட்டு ஆறுமுகம் என்னிடம் நியாயம் கேட்டார்: "சொன்னதும் கதவத் தொறந்தவன், வெளிய வராம இருந்தா நான் என்னாலா செய்வேன்?"

பாலிஷ்

சுட்டதால் போலீஸ் விசாரணை வந்தது. வந்த மலாய் சார்ஜன்ட் கெட்டிக்காரர். அலமாரியை மேலிருந்து கீழ்வரை விரலால் தட்டிக்கொண்டே போய், அடியில் தட்டும்போது நின்றார். தரையில் நிற்கும் அலமாரிக்கு அடியில் அரைமுழம் காலியாக விட்டு, முன்பக்கத்தைப் பலகையால் மூடுவோம். அந்தப் பலகைக்கு ஆணி அடிக்க மாட்டோம். அவ்வப்போது உருவி, கரையான் ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டுமே.

"காலி இடம் என்றால் ஏன் மூடி வைத்திருக்கிறாய்?" என்று மலாயில் கேட்டார் சார்ஜன்ட். காட்டுக்குப் போகிற அரிசி அவர் மனசில் இருந்தது. அரிசியோடு பிடிபட்டவன் கல்யாணத்தை மறந்துவிட வேண்டியதுதான். என்னிடம்தான் அரிசி இல்லையே. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பலகையை உருவினேன். உள்ளே துண்டில் சுற்றிய ஒரு புட்டி இருந்தது. மூடியைத் திறந்ததும் கொட்டகை முழுக்கச் சம்சு என்கிற கள்ளச்சாராய வாடை. காய்ச்சியவனையும் வைத்திருந்தவனையும் சேர்த்துப் பிடிக்கிற சரக்கு.

நான் நிமிர்ந்து பார்த்தேன். அந்தப் பலகை உருவ வரும் என்று நான் பெருமையடித்துக் காட்டியது ஒரே ஒருவரிடம்தான். தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு லயம் போய்க் குடியை ஒழிக்கச் சொல்லிப் பேசுகிற சூசை கிராணி, சார்ஜன்ட் பின்னால் நின்று, கூரையில் எத்தனை ஓடு என்று எண்ணுகிறவரைப்போல் மேலே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. பாவமாக இருந்தது.

"என்னுதுதான் துவான். பாலிஷுக்கு வெச்சிருக்கேன்" என்று மலாயில் ஐயா போட்டுச் சொன்னேன். அரக்கைச் சாராயத்தில் ஊறவைத்துத் துணியால் தேய்ப்பதுதான் எங்கள் பாலிஷ், அதில் பொய் இல்லை. சார்ஜன்ட் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "தேய், பார்க்கிறேன்" என்றார். பையிலிருந்த டப்பாவில் ஊறிக் கெட்டியாகியிருந்த அரக்கில் சம்சுவை ஊற்றிக் கலந்து தேய்த்தேன். புட்டியில் ஒரு சொட்டு மிஞ்சினாலும் கேள்வி வரும் என்று கடைசிவரை கவிழ்த்தேன். காய்ச்சியவன் அதில் எவ்வளவு தண்ணீர் ஊற்றியிருந்தானோ, மரமெல்லாம் வெள்ளை வெள்ளையாகத் திட்டு விழுந்தது. காளிமுத்து தாங்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அந்த நேரம் பார்த்துத் துரை உள்ளே வந்தார். என் கல்யாணத்துக்கு அங்கேயே மனசால் கும்பிடு போட்டுவிட்டேன்.

துரை திட்டுகளைத் தடவினார். குனிந்து பார்த்தார். பிறகு பைப்பை வாயிலிருந்து எடுத்தார். சலவைக்கல் மாதிரி இருக்கிறது, இதுவரை இந்த எஸ்டேட்டில் நடந்த நல்ல வேலை இதுதான், வீட்டு மேசைக்கும் இதையே போடச் சொல் என்றார். சூசை கிராணி தொண்டையைச் செருமி, ஒரு வார்த்தை விடாமல் எனக்கு மொழிபெயர்த்தார். சார்ஜன்ட் முக்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து போனார். எல்லோரும் போன பிறகு கிராணி பக்கத்தில் வந்து, இன்னும் ஈரமாக இருந்த அலமாரியை மூக்கு நிறைய மோந்துவிட்டுச் சொன்னார்: "வர்ற ஞாயித்துக்கெழமயே ஓலை வாசிக்கச் சொல்லிர்றேன் மாப்ள. ஆனா பாதிப் புட்டியிலயே முடிச்சிருக்கலாம்லா."

அதற்குப் பிறகு எத்தனையோ அலமாரிக்குக் கண்ணாடிபோல மின்னுகிற பாலிஷ் போட்டிருக்கிறேன், அதற்கெல்லாம் கூலிதான் கிடைத்தது, பெண் கிடைத்தது அந்தத் திட்டு விழுந்ததற்குத்தான்.