விளாங்குடியில் மூன்றாவது அங்கம்

ஓபரா என்பது முழுக்கப் பாட்டாகவே நடக்கும் நாடகம். தண்ணீர் வேண்டும் என்றாலும் பாடித்தான் கேட்பார்கள். ஜெர்மன்காரர்களின் ஓபரா இருப்பதிலேயே நீளம் என்கிறார்கள். அதைப் பார்க்க இந்த வருடம் ஞாயிறுதோறும் உசிலம்பட்டியிலிருந்து விளாங்குடிக்குப் போய்வந்தேன். புதிதாகப் பார்க்க நினைப்பவர்களுக்காக, போனில் ஒரு விரலால் தட்டி எழுதுகிறேன். எழுத்துப் படித்ததே அறுபத்தெட்டு வயதில்தான். ஒவ்வொரு வரி முடியும்போதும் சந்தோஷமாக இருக்கிறது.

காரணம் சுப்புராமன் அண்ணன். சௌராஷ்டிரக்காரர், சேலைக் கடை வைத்திருந்தவர். கண் ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில். எனக்குப் புரை எடுத்ததும் பார்வை வந்தது. அவருக்கு நரம்பு முன்பே பட்டுப்போயிருந்ததால் வரவில்லை. அவர் போனில் ஒரு பெண் விடாமல் பாடிக்கொண்டிருந்தாள்.

"அந்தம்மாவுக்கு என்னண்ணே கஷ்டம்?"

"கோட்டைக் கதவைத் திறக்கச் சொல்லுது தம்பி. புருசன் உள்ள இருக்கான்."

"அதுக்கு இம்புட்டு நேரமா? எங்க ஊர்ல இப்படிக் கத்துனா பக்கத்துத் தெருவே கதவத் திறந்துரும்."

அவர் சிரித்ததில் கட்டிலே ஆடியது. "கண்ணு வந்துருச்சுல்ல, எழுத்துப் படிங்க தம்பி" என்றார். முதியோர் வகுப்பில் சேர்ந்தேன்.

ஜெர்மனியில் இருக்கும் அவர் மகள், பாட்டைத் தமிழாக்கி டிவியில் படத்துக்கு அடியில் ஓடும்படி செய்து அனுப்பியிருந்தாள். அவருக்கு அதைப் படித்துச் சொல்ல ஆள் வேண்டும். அண்ணன் சம்சாரம், மதினி, படபடவென்று படித்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடும். அதே வரியைப் பாடுகிறவள் இன்னும் பாடிக்கொண்டிருப்பாள். நான் எழுத்துக் கூட்டிப் படித்து முடிக்கையில் அவளும் சரியாக முடித்தாள். இழுவை என்று எல்லோரும் குறை சொல்வது எனக்கு அளவெடுத்துத் தைத்த சட்டைபோல் இருந்தது.

போகும் வழி: உசிலம்பட்டியில் காலை ஏழு மணி பஸ். ஆரப்பாளையம் வரை ஒன்றேகால் மணி நேரம், முப்பத்தைந்து ரூபாய். கிழக்கே போவதால் வெயில் முகத்தில் அடிக்கும். முன் சீட்டில் உட்காராதீர்கள். பிறகு விளாங்குடியில் அண்ணன் வீடு வரை ஷேர் ஆட்டோ, இருபது ரூபாய்.

"ஞாயித்துக்கெழமையும் வேலையா பெரியவரே?" என்று ஒருமுறை கண்டக்டர் கேட்டார்.

"பாட்டுக்குப் போறேன் மாப்ள. மொத்தம் அஞ்சு மணி நேரம்."

"அஞ்சா! சோறு போடுவாங்கள்ல?"

மூன்று அங்கம்; வாரத்துக்கு ஒன்று என்று பேச்சு. முதல் இரண்டும் முடிந்தன, கதவு திறக்கவில்லை. மூன்றாவது வாரம் அண்ணன் இரண்டாவதையே மறுபடி போடச் சொன்னார். அடுத்த வாரமும் அதேதான். சிறுநீரகம் கெட்டு அவர் கால் வீங்கியிருந்தது.

"கதவு திறக்குமா? நீங்களாச்சும் சொல்லுங்கண்ணே."

"மூணாவதுல நீங்க படிச்சு எனக்குச் சொல்லுங்க."

"அப்ப அதப் போடுங்க."

"முடிஞ்சுட்டா ஞாயித்துக்கெழமை இங்க எதுக்கு வருவீங்க?"

"வருவேண்ணே" என்றேன். அவர் நம்பவில்லை. இரண்டாவது அங்கம் எனக்கு மனப்பாடமே ஆகிவிட்டது.

பிறகு ஒரு வியாழக்கிழமை போன் வந்தது. அதே பஸ், அதே கண்டக்டர். "என்ன, இன்னைக்கும் பாட்டா?" என்றார். ஆமாம் என்று தலையாட்டினேன்.

காரியம் முடிந்த அடுத்த ஞாயிறும் போனேன். வருவேன் என்று சொல்லியிருந்தேனே. மதினி தானே மூன்றாவது அங்கத்தைப் போட்டது.

"நீங்க வேகமாப் படிப்பீங்களே மதினி, படிங்க."

"வேணாம் தம்பி. நீங்க படிங்க. மெதுவாவே படிங்க."

அன்றைக்கு மதினி அடுப்படிக்குப் போகவில்லை. அவர் நாற்காலிக்குக் கேட்கும்படி சத்தமாகப் படித்தேன். சில வரிகளில் பாடுகிறவள் எனக்கு முன்னால் முடித்துவிட்டாள். கண்ணீர் மறைத்ததுதான் காரணம்.

ஓபராவுக்குப் போகிறவர்கள் வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். முதுகுக்குத் தலையணை வையுங்கள். புரியாவிட்டால் எழுந்துவிடாதீர்கள், அந்த வரி இன்னும் முடிந்திருக்காது. ஒருவரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள்.

கதவு திறந்ததா என்று கேட்காதீர்கள். அதைப் படித்துச் சொல்ல வேண்டியது அண்ணனுக்குத்தான். சொல்லிவிட்டேன்.