நான் பாக்காத போன்கள்

ஆப் எழுதுற தொழில்ல இருக்குறவங்களுக்கு, சோதிச்சுப் பாத்த போனைப் பத்திப் பயமே கிடையாது. பயமெல்லாம் பாக்காத போனைப் பத்தித்தான். என்னைய மாதிரி இதே வேலையில மாட்டிக்கிட்டு முழிக்கிறவங்க யாராச்சும் இதை வாசிச்சா, ஒரு தடவை தலையை ஆட்டிக்கோங்க. கூட ஒரு ஆளு இருக்குன்னு எனக்கும் கொஞ்சம் தெம்பா இருக்கும்.

என் பேரு ஜெசிந்தா. கோச்சடையில ஒரு டயர் கடைக்கு மாடியில, செல்வம் அண்ணே நடத்துற ஆபீஸ்ல ஆறு வருஷமா இருக்கேன். மொத்தமே நாலு பேருதான். தல்லாகுளத்துல ஒரு சக்கரை டாக்டரம்மா எங்ககிட்ட ஒரு ஆப் கேட்டாங்க. பேஷன்ட் வீட்டுலயே சக்கரையை அளந்து அனுப்பணும். டாக்டரம்மா அதைப் பாத்துட்டு, எத்தனை யூனிட் இன்சுலின் போடணும்னு திருப்பி அனுப்புவாங்க. அந்த நம்பரை பேஷன்ட் போன்ல ஒழுங்கா காட்டணும். அம்புட்டுத்தான் வேலை. கேக்குறதுக்கு எம்புட்டு லேசா இருக்கு பாருங்க!

அமுக்க எடமில்ல

சோதிச்சுப் பாக்க ஆபீஸ்ல மூணு போன் இருந்துச்சு. செல்வம் அண்ணனோட பெரிய போன், என்னோட நடுத்தரம், அப்புறம் டிராயர்ல கிடந்த ஒரு பழசு. மூணுலயும் ஆப் கல்யாணப் பொண்ணு மாதிரி ஜம்முன்னு இருந்துச்சு. அதே தெம்புல வண்டியை எடுத்துக்கிட்டு தல்லாகுளம் போனோம். டாக்டரம்மா போன்லயும் அம்சமா வந்துச்சு. அண்ணே முகத்துல அப்படி ஒரு களை.

"நம்ம சிஸ்டர் போன்லயும் போட்டுக் காட்டுங்க"ன்னாங்க டாக்டரம்மா. அங்க நர்ஸா இருக்குற ரோஸியை எல்லாரும் சிஸ்டர்னுதான் கூப்பிடுவாங்க. அவங்க போன் உள்ளங்கையில அடங்கிரும். சிஸ்டர் சக்கரை அளவை அடிக்க விரலை வச்சாங்க. கீபோர்டு கீழ இருந்து ஏறி வந்து பாதித் திரையை முழுங்கிருச்சு. 'அனுப்பு'ங்கிற பட்டன் அதுக்கு அடியில போயிருச்சு. சிஸ்டர் போனை அப்படியும் இப்படியும் திருப்பிப் பாத்துட்டுக் கேட்டாங்க: "ஏன் பாப்பா, நம்பரை அடிச்சுட்டேன். இனி எங்கிட்டு அமுக்குறது, போனுக்குப் பின்னாடியா?"

தமிழுக்கு எடம் பத்தல

இங்கிலீஷ்ல எல்லாத்தையும் கட்டி முடிச்சுட்டு, கடைசியில தமிழைக் கொண்டு வந்து உள்ள திணிக்கிறது எங்க ஆபீஸ் பழக்கம். உங்க ஆபீஸ்லயும் அப்படித்தான் இருக்கும், மறைக்காதீங்க. இங்கிலீஷ்ல நாலு எழுத்துல முடியிற சமாச்சாரம், தமிழ்ல பட்டனை விட்டு வெளிய தெருவுக்கே வந்துரும். 'உறுதிப்படுத்தவும்'னு போட்டா முக்கால்வாசிதான் தெரியும், மிச்சத்துக்கு மூணு புள்ளி. அண்ணே, "எழுத்தைச் சின்னதாக்கிரு ஜெசி"ன்னாரு. சக்கரைக்காரங்கள்ல பாதிப் பேருக்குக் கண்ணு மங்கல். சின்னதாக்கினா எவருக்குத் தெரியும்? பயந்து பயந்து எழுத்து அளவுல அரைப் பாயிண்ட்தான் குறைச்சேன்.

டாக்டரம்மா ஆஸ்பத்திரி ஹால்ல உக்காந்து, வந்தவங்க போன்ல எல்லாம் நானே ஆப்பைப் போட்டுக் குடுத்தேன். ஆட்டோ ஓட்டுற அண்ணே ஒருத்தரு, கண்ணாடியை ஏத்தி இறக்கி ரொம்ப நேரம் பாத்தாரு. நான் பரீட்சைப் பேப்பர் திருத்துறவங்க முன்னாடி நிக்கிற மாதிரி நின்னேன். அப்புறம் சொன்னாரு: "பட்டனுக்குப் பட்டன் புள்ளி வச்சிருக்கியேம்மா, மிச்சத்தை நாங்களே நிரப்பிக்கணுமா?"

பஸ்ல எட்டிப் பாத்தது

அன்னையிலேர்ந்து எனக்கு ஒரு வியாதி புடிச்சுக்கிச்சு. யாரு கையில போனைப் பாத்தாலும் எட்டிப் பாப்பேன். திரை எம்புட்டு அகலம், ஓரம் வளைஞ்சிருக்கா, கண்ணாடி உடைஞ்சிருக்கா, நம்ம ஆப் இதுல எப்படித் தெரியும்? சர்ச்சுல கூட முன்வரிசைக்காரர் போனைத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். எங்க அம்மா இடுப்புல ஒரு இடி இடிச்சாங்க.

ஒருநாள் பெரியார் பஸ் ஸ்டாண்டுலேர்ந்து கோச்சடை வர்ற டவுன் பஸ்ல, பக்கத்து சீட்டு அக்காவோட போனை எட்டிப் பாத்தேன். எழுத்து ஒண்ணொண்ணும் பெரு விரல் தண்டிக்கு இருக்கு. ஒரு திரைக்கு ஏழெட்டு வார்த்தைதான் புடிக்குது. செட்டிங்ல எழுத்தை ஆக மட்டும் பெருசாக்கி வச்சிருக்காங்க. நாங்க இதை ஒரு தடவை கூடச் சோதிச்சதில்ல! நான் குனிஞ்சு குனிஞ்சு பாக்க, அந்த அக்கா போனை மாரோட அணைச்சுக்கிட்டுச் சத்தம் போட்டாங்க: "என் மருமக அனுப்புனதை நீ எதுக்கும்மா வாசிக்கிற? ஊரெல்லாம் போய்ச் சொல்றதுக்கா?"

வெள்ளிக்கிழமை சாயங்காலம்

நேரா ஆபீஸ் போய், "அண்ணே, எழுத்தைப் பெருசாக்கி வச்சிருக்குறவங்க போன்ல நம்ம ஆப் எப்படி வரும்னு பாக்கணும்"னேன். "பாப்போம் பாப்போம்"னாரு. அந்த வாரம் அவருக்கு வேற நெனப்பு. அதுவரைக்கும் காலை ஊசிக்கு ஒரு கட்டம், இரவு ஊசிக்கு ஒரு கட்டம்னு மேலயும் கீழயும் தனித்தனியா இருந்துச்சு. ரெண்டையும் ஒரே பார்வையில தெரியிற மாதிரி அழகாக்கணும்னு அண்ணே ஒத்தக் கால்ல நின்னாரு.

நான்தான் எழுதுனேன். ஒளிக்க ஒண்ணுமில்ல. இடது பக்கம் ஒரு வரிசை: 'காலை சாப்பாட்டுக்கு முன்', அதுக்குக் கீழ 'இரவு சாப்பாட்டுக்கு முன்'. வலது பக்கம் இன்னொரு வரிசை: ரெண்டு நம்பர். எந்த நம்பர் எந்த வேளைக்குன்னு ரெண்டையும் சேத்துக் கட்டியிருக்கணும். அவசரத்துல இடது வரிசையைத் தனியா, வலது வரிசையைத் தனியா அடுக்கிட்டேன். மூணு போன்லயும் நூல் புடிச்ச மாதிரி நேரா வந்துச்சு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் இந்தப் புது ஆப்பை எல்லாரு போனுக்கும் அனுப்புறதுக்கு முன்னாடி, "எழுத்தைப் பெருசு பண்ணிப் பாக்கலையேண்ணே"ன்னு ஒரு தடவை சொன்னேன். ஒரே ஒரு தடவைதான் சொன்னேன். அண்ணே வண்டிச் சாவியை எடுத்துக்கிட்டே சொன்னாரு: "திங்கக்கிழமை பாத்துக்கலாம் ஜெசி, அதுக்குள்ள எவனும் சாகப் போறதில்ல."

சிஸ்டர் அனுப்புன படம்

மறுநாள் சனிக்கிழமை காலையில ஒம்பதரை இருக்கும். ரோஸி சிஸ்டர் போன்ல ஒரு படம் அனுப்புனாங்க, கூடவே கூப்பிட்டாங்க. ஒரு ரிட்டயர்டு வாத்தியாரு ஆஸ்பத்திரிக்கு வந்திருக்காரு, அவரு போனோட படம் அது. எழுத்து பெருசானதும் இடது பக்கம் 'காலை' ஒரு வரி, 'சாப்பாட்டுக்கு' ஒரு வரி, 'முன்' ஒரு வரின்னு மூணு வரியா உடைஞ்சு கீழ எறங்கிருச்சு. நம்பருக்கு உடையிறதுக்கு என்ன இருக்கு? ரெண்டும் மேலயே நின்னுருச்சு. அதனால ரெண்டு நம்பரும் காலைக்கு நேரா நிக்குது. இரவுக்கு நேரா வெறும் வெள்ளை.

புரியுதுல்ல? காலையில போட வேண்டியதையும் இரவு போட வேண்டியதையும் சேத்து, காலையிலயே ரெண்டு ஊசி போடச் சொல்லுது என் ஆப். இன்சுலின் கூடிப்போனா சக்கரை சரசரன்னு எறங்கும், ஆளு மயங்கி விழும், அதுக்கு மேலயும் ஆகும். சிஸ்டர் என்னையத் திட்டல. திட்டியிருந்தாத் தேவலை. மெதுவாத்தான் கேட்டாங்க: "இவரு கேட்டுட்டுப் போடலாம்னு வந்துட்டாரு பாப்பா. கேக்காமப் போட்டவங்க எத்தனை பேரு?"

நூத்துச் சொச்சம் பேரு

பழைய ஆப்பைத் திருப்பிப் போடுற வேலையை ஆபீஸ்ல மத்த ரெண்டு பேரும் எடுத்துக்கிட்டாங்க. ஆனா அது ஒவ்வொரு போனுக்கும் போய்ச் சேர எம்புட்டு நேரமாகும்னு எவருக்கும் தெரியாது. யாரு எழுத்தைப் பெருசாக்கி வச்சிருக்காங்கன்னும் தெரியாது. எல்லாரையும் கூப்பிட்டாத்தான் ஆச்சு. டாக்டரம்மாவும் சிஸ்டரும் அங்கேருந்து பாதி, நானும் செல்வம் அண்ணனும் இங்கேருந்து பாதி. அண்ணே குரல் ஒவ்வொரு போனுக்கும் இறங்கிக்கிட்டே போகுது. ஒவ்வொரு தடவை மணி அடிக்கிறப்பவும், 'மாதாவே, இவங்க எடுக்கணும்; மாதாவே, இவங்க எடுக்கணும்'னு முனகிக்கிட்டே இருந்தேன்.

நிறையப் பேருக்கு ஒழுங்காத்தான் தெரிஞ்சிருக்கு. ரெண்டு பேரு, "காலைக்கே ரெண்டு காட்டுச்சு, ஆனா இன்னும் சாப்பிடல, ஊசி போடல"ன்னாங்க. அப்படியே தரையில உக்காந்து கும்பிட்டேன். அதுல ஒரு அம்மா நான் சொன்னதை எல்லாம் பொறுமையாக் கேட்டுட்டு, போனை வைக்கிறதுக்கு முன்னாடி கேட்டாங்க: "அப்ப நேத்து வரைக்கும் போட்டதாச்சும் சரியாம்மா?"

வாடிப்பட்டி

எல்லாரும் எடுத்துட்டாங்க, ஒருத்தரைத் தவிர. பெரியகருப்பன், வாடிப்பட்டி, தேங்காய் வியாபாரம். காலைக்கு இருபத்திரெண்டு யூனிட், இரவுக்குப் பத்து. பதினாலு தடவை அடிச்சேன், எடுக்கல. செல்வம் அண்ணே வண்டியை எடுத்தாரு. பின்னாடி உக்காந்து நான் அடிச்சுக்கிட்டே போறேன். சமயநல்லூர் தாண்டியும் எடுக்கல. வெயில் மண்டையப் பொளக்குது, எனக்குக் குளிருது. அவரு செத்துக் கிடந்தா அவங்க வீட்டுல போய் நான் யாருன்னு சொல்றது? அந்த ஒண்ணைத்தான் வழி நெடுக நெனச்சேன்.

வீட்டை விசாரிச்சுப் போனா கதவு தொறந்து கிடக்கு. கூடத்துல அவரு சுவத்துல சாஞ்சு உக்காந்திருக்காரு, சட்டை தொப்பலா நனைஞ்சிருக்கு, கண்ணு எங்கயோ சொருகுது. அவரு சம்சாரம் டம்ளர்ல சக்கரைத் தண்ணியை வச்சுக்கிட்டு, வாயில ஊத்த முடியாம அழுகுறாங்க. "இருபத்திரெண்டு போட்டுட்டுத் திரும்பப் பத்து போட்டாரு. ஏங்க ரெண்டுன்னு கேட்டேன். போன்ல அப்படித்தான் வந்திருக்குன்னுட்டாரு"ங்கிறாங்க. நான் சிஸ்டருக்கு அடிச்சு ஸ்பீக்கர்ல போட்டேன். அவங்க சொல்லச் சொல்ல, அண்ணே அவரைத் தாங்கிப் புடிக்க, முழுங்குறாரான்னு பாத்துப் பாத்து அந்தம்மா கொஞ்சம் கொஞ்சமாக் குடுத்தாங்க. சக்கரையை அளந்தா நாப்பத்தாறு. கால் மணி நேரம் கழிச்சு எழுவது. அந்தக் கால் மணி நேரம் மாதிரி ஒண்ணை நான் என் எதிரிக்கும் நெனக்க மாட்டேன். அப்புறம் கார் புடிச்சு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயி, சாயங்காலம் வரைக்கும் கூடவே இருந்தோம். செல்வம் அண்ணே வராண்டாவுல போய் நின்னு துண்டால மூஞ்சியை மூடிக்கிட்டாரு.

பேச்சு தெளிஞ்சதும் நான் அவரு கட்டில்கிட்டப் போய் நின்னேன். அழுகாமச் சொல்லணும்னு நெனச்சேன், முடியல. "ஐயா, அந்த ஆப்பை எழுதுனது நான்தான். எழுத்தைப் பெருசாக்கி வச்சவங்க போன்ல சோதிச்சுப் பாக்காம அனுப்பிட்டேன். என் தப்பு"ன்னேன். திட்டுவாருன்னு காத்துக்கிட்டு நின்னேன். அந்த மனுஷன் சொன்னாரு: "நீ ஏம்மா அழுகுற? கண்ணு தெரியலைன்னு எழுத்தைப் பெருசாக்குனது நாந்தானே? அப்படிச் செய்யக் கூடாதுன்னு எனக்குத் தெரியாமப் போச்சு, டாக்டரம்மாகிட்டச் சொல்லிராத."

இப்பவும் அதே ஆபீஸ், அதே வேலைதான். ஆனா "எல்லாப் போன்லயும் சரியா வருது"ன்னு யாராச்சும் சந்தோஷமாச் சொன்னா, நான் அந்தப் போனை வாங்கி, எழுத்தை ஆக மட்டும் பெருசாக்கி ஒரு தடவை பாத்துட்டுத்தான் குடுக்குறேன்.