என்ன வேலையாகப் போனீர்கள்

ஐம்பதுகளின் நடுவில் நான் பூனாவுக்கு வேலைக்கு வந்தபோது அந்த ஊரில் சைக்கிள் இல்லாத வீட்டைப் பார்ப்பது அபூர்வம். கிர்க்கிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் நான் இயந்திரப் பாகங்களுக்குப் படம் வரைபவனாக இருந்தேன். சாயங்காலச் சங்கு ஊதியதும் தொழிற்சாலை வாசலிலிருந்து சாலையே கண்ணுக்குத் தெரியாது. சைக்கிள்தான் தெரியும். கைப்பிடியில் காலி டிபன் டப்பா ஆட, பைஜாமாக் காலைக் கிளிப்பில் இறுக்கிக்கொண்டு ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே சமயத்தில் மணியடிப்பார்கள். எல்லோரும் ஓட்டியதாலேயே அங்கே சைக்கிளை யாரும் மதிக்கவில்லை. வேலைக்குப் போய்வர உதவுகிற ஒரு சாமான், அவ்வளவுதான். அதை விடுமுறை நாளில் எடுத்துக்கொண்டு ஒரு காரியமும் இல்லாமல் காண்டாலா மலைவரை போய்த் திரும்புகிறவனை அவர்களால் புரிந்துகொள்ளவே முடியவில்லை.

போபோடியில் நாங்கள் குடியிருந்த வரிசை வீட்டில் எல்லோரும் கேட்டுப் பார்த்தார்கள். அங்கே சொந்தக்காரர் இருக்கிறாரா, நிலம் பார்க்கப் போகிறேனா என்று. கடைசியில் மதராஸிக்கு மூளை கொஞ்சம் இளகியிருக்கிறது என்று விட்டுவிட்டார்கள். என் மனைவி திருச்சிப் பக்கத்துக்காரி. "ஆறு நாள் அதுல போயி உழைக்கிறது போதாதா? ஏழாம் நாளும் அதே சைக்கிளா?" என்று கேட்டாள். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் இரண்டு சப்பாத்தியில் சர்க்கரையைத் தூவிச் சுருட்டி, காகிதத்தில் மடித்துக் கொடுப்பாள்.

என்னைப் போல இன்னொருவன் இருக்கிறான் என்பது தேஹு ரோடு தாண்டிய ஒரு நீளமான ஏற்றத்தில்தான் தெரிந்தது. எதிர்க்காற்று. எனக்கு முன்னால் ஒருவன் முதுகை வளைத்து, தலையைத் தாழ்த்திப் போய்க்கொண்டிருந்தான். எட்டிப் பிடிக்கப் பார்த்தேன், முடியவில்லை. ஏற்றம் முடிந்த இடத்தில் எனக்காக நின்றிருந்தான். எங்கள் தொழிற்சாலையிலேயே லேத் பட்டறையில் இரும்பு கடைகிற டர்னர், சதாராப் பக்கத்து மராட்டியன், என்னைவிட இரண்டொரு வயது மூத்தவன். வெள்ளைக்கார சிப்பாய் ஒருவன் ஊரைவிட்டுப் போகும்போது விற்ற ரேஸ் சைக்கிள் அவனிடம் இருந்தது. என் மராட்டியும் அவன் இந்தியும் ஒன்றுக்கொன்று சளைத்தவை அல்ல. எப்படியோ பேசிக்கொண்டோம். அடுத்த ஞாயிறிலிருந்து சேர்ந்து போனோம்.

அப்படி ஏழெட்டு வருஷம் போனோம். பந்தயம் எதிலும் கலந்துகொண்டதில்லை. தபோடிப் பாலம், பிம்ப்ரி, சிஞ்ச்வட், தேஹு ரோடு, வட்காவ், காம்ஷெட், பிறகு லோனாவ்லா. காம்ஷெட்டில் போஹா என்கிற அவல் உப்புமாவும் டீயும். எங்கள் கவலைகள் எல்லாம் சின்னவை. வெளிநாட்டு டயர் வருவது நின்றுபோனது பெரிய துக்கம். பழைய டயரின் கிழிசலை செருப்புத் தைக்கிறவரிடம் கொடுத்துத் தைத்து ஓட்டினோம். மாட்டு லாடத்திலிருந்து கழன்று விழும் ஆணிதான் எங்கள் முதல் எதிரி. லாரியைக்கூட மன்னிப்பேன், லாடம் அடிக்கிறவனை மன்னிக்க மாட்டேன் என்பான் அவன். நாயைக் கண்டால் வேகம் எடுப்பதா, இறங்கிவிடுவதா என்று பல மாதம் வாதாடியிருக்கிறோம். ஏற்றத்தில் பேசக்கூடாது என்பது அவன் கட்சி. பேசினால்தான் ஏற்றம் தெரியாது என்பது என் கட்சி.

அறுபதுகள் வந்தன. பிம்ப்ரியிலும் சிஞ்ச்வட்டிலும் வயல்கள் போய்க் கம்பி வேலிகள் வந்தன. வேலிக்குள் புகைபோக்கிகள் எழுந்தன. அவற்றுக்கு இரும்பும் சிமெண்டும் பம்பாயிலிருந்து இந்த ஒரே சாலையில்தான் வந்தாக வேண்டும். சாலை மட்டும் அதே அகலத்தில் இருந்தது. ஒவ்வொரு மழைக்குப் பிறகும் தாரின் ஓரம் பிஸ்கட் மாதிரி கடிபட்டிருக்கும். அதற்குக் கீழே ஒரு சாண் பள்ளம். லாரி வந்தால் பள்ளத்தில் இறங்க வேண்டியவர்கள் நாங்கள்தான். "இன்னும் கொஞ்ச நாளில் இந்த ரோடு நமக்கு இல்லை" என்று அவன் ஒருமுறை சொன்னான். நான் வேறு சாலை பார்க்கலாம் என்றேன். மலை இந்தப் பக்கம்தானே இருக்கிறது என்றான்.

அது நடந்தது மழை ஓய்ந்த ஒரு ஞாயிறு. மலை ஏறிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். காம்ஷெட்டைத் தாண்டி, வட்காவ் வருவதற்கு முன்னால். அவன் முன்னால், நான் சற்றுப் பின்னால். எதிரே வைக்கோல் ஏற்றிய மாட்டு வண்டி ஒன்று வந்தது. அதற்குப் பின்னாலிருந்து ஒரு லாரி விலகி எங்கள் பக்கத்துக்கு வந்துவிட்டது. அவன் ஓரம் ஒதுங்கினான். முன்சக்கரம் தாரின் விளிம்பிலிருந்து பள்ளத்தில் இறங்கியது. சைக்கிள் ஒரு பக்கம் போயிற்று, அவன் சாலைப் பக்கம் விழுந்தான். லாரியின் முன்சக்கரம் அவனைத் தொடவில்லை. பின்சக்கரம் வலது காலில் ஏறி இறங்கியது.

நான் ஓடிப்போனபோது அவனுக்கு நினைவு இருந்தது. என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "காலைப் பார்க்காதே. என் முகத்தைப் பார்த்துப் பேசு" என்றான். என்ன பேசினேன் என்று எனக்கு நினைவில்லை. வண்டிக்காரர் தன் தலைப்பாகையை அவிழ்த்துக் கொடுத்தார். அதைத் தொடையில் இறுக்கிக் கட்டினோம். லாரிக்காரர் ஓடிவிடவில்லை. பஞ்சாபி, நரைத்த தாடி, தூக்கமில்லாத கண். அவரே வந்து தூக்கினார். அவனை ஏற்றிக்கொள்ள அந்தச் சாலையில் வேறு வண்டி இல்லை. அவனைச் சிதைத்த லாரியையே பூனாப் பக்கம் திருப்பி, அதிலிருந்த இரும்புக் குழாய்களின் மேல் சாக்கை விரித்துப் படுக்க வைத்தோம். ஊர்வரை அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். குழாய்கள் ஒவ்வொரு குழியிலும் அதிர்ந்தன. ஒவ்வொரு அதிர்வுக்கும் அவன் பல்லைக் கடிப்பது என் மடியில் தெரிந்தது. லாரிக்காரர் முன்னால் அழுதுகொண்டே ஓட்டினார் என்று கிளீனர் பிறகு சொன்னான்.

முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள்.

அவன் மனைவி ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "என்ன வேலையாகப் போனீர்கள்?" ஏழெட்டு வருஷமாக நாங்கள் போவது அவளுக்குத் தெரியும். தெரிந்தேதான் கேட்டாள்.

தொழிற்சாலையிலும் அதையே கேட்டார்கள். வேலைக்கு வரும் வழியில் அடிபட்டிருந்தால் ஏதாவது செய்ய வழி இருக்கும், ஞாயிற்றுக்கிழமை உல்லாசமாகப் போனதற்கு என்ன செய்வது என்றார் அதிகாரி. கெட்ட மனிதர் அல்ல. குணமானதும் கருவிக் கிடங்கில் உட்கார்ந்து செய்கிற வேலை தருவதாகச் சொன்னார். தந்தார்.

லாரி முதலாளியிடம் நஷ்ட ஈடு கேட்டு வழக்குப் போட்டோம். எங்கள் வக்கீல் விவரமானவர். காரியமில்லாமல் போனோம் என்று சொன்னால் எடுபடாது, தேஹு கோயிலுக்குத் தரிசனத்துக்குப் போனதாகச் சொல்லுங்கள், கோர்ட்டில் எல்லோரும் தேஹுவுக்குப் போகிறவர்கள்தான் என்றார். எனக்கு அது நல்ல யோசனையாகவே பட்டது. பொய் சொல்லக் கூசுகிற நிலைமையில் நாங்கள் இல்லை. அவன் கட்டிலில் சாய்ந்தபடி கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு என்னிடம் மட்டும் சொன்னான். "அத்தனை ஞாயிறும் தேஹு திருப்பத்தைத் தாண்டித்தான் போனோம். ஒருநாளும் உள்ளே திரும்பினதில்லை. இப்போது காலைக் காட்டி அந்தச் சாமியைச் சாட்சிக்குக் கூப்பிட மாட்டேன்." அவன் மனைவி கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அவள் அவனோடு பேசவில்லை என்று பிறகு தெரிந்தது.

கோர்ட்டில் எதிர்த்தரப்பு வக்கீல் அதைத்தான் முதலில் கேட்டார். என்ன வேலையாகப் போனீர்கள்? அவன் கக்கத்துக் கட்டைகளை ஊன்றிக்கொண்டு, "ஃபிராயலா" என்றான். சும்மா சுற்றிவர என்று அர்த்தம். சாயங்காலம் தோட்டத்துக்கோ ஆற்றங்கரைக்கோ போகிறவர்கள் சொல்கிற வார்த்தை. சுற்றிவர ஊரில் தோட்டமே இல்லையா என்று வக்கீல் கேட்டார். சிரிப்பு எழுந்தது. கல்யாணமாகிக் குழந்தை குட்டி உள்ளவர், லாரிகள் போகிற சாலையில் விளையாடப் போனார் என்று அவர் எழுதிக்கொள்ளச் சொன்னார்.

பிறகு நான் கூண்டில் ஏறினேன். நீதிபதி என்னைக் கேலி செய்யவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பினார் போலிருந்தது.

"பந்தயம் ஏதாவது உண்டா? பரிசு?" என்று இங்கிலீஷில் கேட்டார்.

இல்லை என்றேன்.

"அப்படியென்றால் இதனால் உங்களுக்கு என்ன கிடைக்கிறது?"

என்னிடம் பதில் இருந்தது. விடியும்போது காம்ஷெட் பக்கம் நெல்வயல்களில் பனி எழும்புவது, ஏற்றத்தில் மூச்சு ஒரு ஒழுங்குக்கு வருவது, பக்கத்தில் ஒருவன் பேசாமல் வருவது. தமிழிலேயே சொல்லத் தெரியாததை இங்கிலீஷில் எங்கே சொல்வது? "உடம்புக்கு நல்லது, ஐயா" என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் அவன் நின்றிருந்த பக்கம் என் பார்வை போயிற்று. மடித்து ஊக்குக் குத்தியிருந்த கால்சட்டையின் வலது பக்கத்தை எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

வெளியே டீக்கடையில் உட்கார்ந்தோம். அவன் டீயை முழுக்கக் குடித்துவிட்டு, "நீ பொய் ஒன்றும் சொல்லவில்லை" என்றான். அதைப் பற்றி அவன் பேசியது அவ்வளவுதான்.

இரண்டு பக்கமும் தப்பு என்று தீர்ப்பு வந்தது. கிடைத்தது மருத்துவச் செலவுக்கே சரியாகப் போய்விட்டது. அவன் மனைவி சைக்கிளை விற்றாள். வாங்கினவர் அதே தெருவுக்குப் பால் ஊற்றுகிறவர். வளைந்த கைப்பிடியைக் கழற்றிவிட்டு நேர்க் கைப்பிடி மாட்டி, பின்னால் கனமான காரியர் வைத்து, இரண்டு பக்கமும் பால் கேன்களைத் தொங்கவிட்டார். தினமும் காலையில் அது அவன் வாசலிலேயே வந்து நிற்கும். பின்சக்கரம் கொஞ்சம் ஆடுகிறது, இறுக்கிக்கொள்ளச் சொல் என்று மனைவியிடம் அவன் சொன்னதாக ஒருநாள் கேள்விப்பட்டேன்.

நான் ஓட்டுவதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் அது அவனுக்குச் செய்கிற அவமானம் என்று நினைத்தேன். திரும்பி வரும் வழியில் அவன் வீட்டுக்குப் போவேன். அவனும் கேட்பான். தபோடிப் பாலத்தில் தார் போட்டார்களா, காற்று எந்தப் பக்கம், காம்ஷெட் கடைக்காரர் விசாரித்தாரா. நான் ஒவ்வொன்றாகச் சொல்வேன். அவன் கண்ணை மூடிக்கொண்டு கேட்பான். எனக்கு அது ஒரு கடமை மாதிரி ஆகிவிட்டது. வழியெல்லாம் அவனிடம் என்ன சொல்வது என்று பார்த்துக்கொண்டே ஓட்டினேன்.

ஒரு ஞாயிறு லோனாவ்லாவில் மழை இறங்கி வந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவன் கையை உயர்த்தினான்.

"இனிமேல் சொல்லாதே" என்றான்.

கோபமாகச் சொல்லவில்லை. தண்ணீர் போதும் என்று சொல்வது மாதிரிதான் சொன்னான். அவன் மனைவி உள்ளேயிருந்து வந்து எனக்கு டீ வைத்தாள். மூன்று பேரும் அவர்களுடைய பெரிய பையனை எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது என்பதைப் பற்றிப் பேசினோம்.

பம்பாய்ச் சாலைக்கு அதன் பிறகு நான் போகவில்லை. கொஞ்ச காலம் போசரி வழியாக ஆளந்திப் பக்கம் ஓட்டினேன். சமவெளி, காற்று அதிகம், ஏற்றம் என்று சொல்ல ஒன்றுமில்லை. பிறகு போசரியிலும் வயல்களை அளந்து கல் நட்டார்கள். செம்மண் லாரிகள் வரிசையாக நின்றன. ஒருநாள் காலையில் அந்த வரிசைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். காலும் வலிக்கவில்லை, டயரும் பழுதில்லை. அப்படியே சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். கடையிலிருந்து வருகிறவனைப் பார்ப்பது போல மனைவி என்னைப் பார்த்தாள். காகிதத்தில் மடித்த சப்பாத்தி சட்டைப்பையில் அப்படியே இருந்தது. எடுத்துப் பிள்ளைகளிடம் கொடுத்தாள்.

அடுத்த வாரம் அவள் எழுப்பவும் இல்லை, நான் எழுந்திருக்கவும் இல்லை. சைக்கிளில் தொழிற்சாலைக்கு மட்டும் போய்வந்தேன், எல்லோரையும் போல. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கருவிக் கிடங்குக்குப் போய் அவனோடு உட்கார்ந்து சாப்பிடுவேன். விலைவாசி, பிள்ளைகளின் படிப்பு, யார் யாருக்கு மாற்றல் என்று பேசுவோம். சில நாள் அவன் கட்டைகளைச் சுவரில் சாய்த்துவிட்டு ஜன்னல் வழியே வெளியே பார்ப்பான். ஜன்னலுக்கு வெளியே பத்திரிகைத் தாள் அகலத்துக்குக்கூட இடமில்லாமல் சைக்கிள்கள் நிறுத்தியிருக்கும்.