மலைப்பாதையில் விட்டுவந்தவள்

கூடலூரிலிருந்து குமுளிக்கு ஏறும் மலைப்பாதையில் என் தங்கையை உயிரோடு விட்டுவிட்டு வந்தேன். இதை எழுத எனக்கு இத்தனை வருஷம் ஆயிற்று.

திருநெல்வேலிப் பக்கம் மழையே இல்லாத வருஷம் அது. பீர்மேட்டுத் தேயிலைத் தோட்டத்துக்கு ஆள் சேர்த்த கங்காணியோடு இருபது பேர் கிளம்பினோம். நான், என் வீட்டுக்காரர், தங்கை, அவளுடைய ஒரு வயதுப் பெண் குழந்தை. தங்கை புருஷனைப் பறிகொடுத்து நாலு மாதம்கூட ஆகவில்லை. மலை ஏற ஆரம்பித்ததும் அவளுக்கு வாந்திபேதி கண்டது. பத்தடி நடப்பாள், உட்கார்ந்துவிடுவாள். மதியத்துக்குள் கண்கள் குழிக்குள் போய்விட்டன.

கங்காணி திரும்பி வந்து பார்த்தார். “மேல சோதனை இருக்கு. சீக்காளியக் கண்டா அத்தன பேரையும் வெரட்டிருவான். இவள இங்கன விட்டுட்டு நடங்க.”

யாரும் எதிர்த்துப் பேசவில்லை. நானும் பேசவில்லை. ஒரு பாறை நிழலில் அவளைச் சாய்த்து, சொம்பில் தண்ணீர் வைத்தேன். குழந்தையை என் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டேன்.

“யக்கா, ஆளு வருமா?” என்றாள்.

“மேல போனதும் அனுப்புதேன். கண்ண மூடிப் படு.”

யாரையும் அனுப்பவில்லை. அனுப்பும்படி யாரிடமும் கேட்கக்கூட இல்லை. கேட்டால் குழந்தையையும் சேர்த்துத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று பயந்ததாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வேலை போய்விடும் என்ற பயமும் இருந்தது.

குழந்தையைத் தோட்டக் கூலிகளுக்கு வரிசையாகக் கட்டியிருந்த லயத்து வீட்டில் நானே வளர்த்தேன். எனக்குப் பிள்ளை பிறக்கவில்லை. அவள் என்னைப் பெரியம்மா என்று கூப்பிட்டாள். தாயைப் பற்றிக் கேட்கும்போதெல்லாம், “என் மடியிலதான் உசிரு போச்சு” என்பேன். சொல்லிச் சொல்லி, அந்த மடிக் கனம்கூட எனக்கு நினைவிருப்பதுபோல் ஆகிவிட்டது.

வீட்டுக்காரர் மலைக்காய்ச்சலில் இறந்தபோது, பயந்துகொண்டு பக்கத்து வீட்டுக்காரர்கள்கூட வரவில்லை. தோட்டத்துக் கிறிஸ்தவ சபையைச் சேர்ந்த நாலு பேர்தான் வந்து குழி வெட்டினார்கள். அதன் பிறகு அவர்களுடைய தகரக்கூரைக் கோயிலுக்குப் போக ஆரம்பித்தேன். உபதேசியாரின் மனைவி எழுத்துச் சொல்லித் தந்தார். நானும், நான் வளர்த்த மகளும் ஒரே நாளில் ஞானஸ்நானம் பெற்றோம்.

ஆனால் திருவிருந்துக்கு மட்டும் என்னால் எழுந்து போக முடியவில்லை. ஒருவருக்குச் செய்த தீங்கை மறைத்துக்கொண்டு அந்த அப்பத்தைக் கையில் வாங்கக் கூடாது என்று உபதேசியார் சொல்லியிருந்தார். ஒவ்வொரு தடவையும் எல்லோரும் முன்னால் போவார்கள். நான் பாயிலேயே உட்கார்ந்திருப்பேன்.

மகளுக்குக் கல்யாணமாகி ஒரு குழந்தையும் பிறந்திருந்த சமயம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் ஓடையில் துணி அலசும்போது கேட்டாள்: “நீங்க மட்டும் ஏன் பெரியம்மா எந்திரிக்க மாட்டேங்கிறீக?”

சொல்லிவிட்டேன். பாறை, தண்ணீர், ஆள் அனுப்புகிறேன் என்றது, எல்லாவற்றையும். அவள் கையிலிருந்த துணி தண்ணீரோடு போயிற்று.

“எங்கம்மாவுக்கு அப்ப நெனவு இருந்துச்சா?”

“இருந்துச்சு.”

“நான் அழுதேனா?”

“அழுத. வாயப் பொத்தித்தான் தூக்கிட்டு வந்தேன்.”

குழந்தையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள். அந்த மழைக்காலம் முழுக்க என்னோடு பேசவில்லை. கொழுந்து எடுக்கும் இடத்தில்கூட வேறு வரிசை கேட்டு வாங்கிக்கொண்டாள். சொல்லாமலே செத்திருக்கலாம் என்று பல நாள் நினைத்தேன்.

மழை விட்ட பிறகு ஒரு காலையில் வாசலில் வந்து நின்றாள். “அந்த எடத்தக் காட்டுங்க.”

இருவரும் குமுளிக்குப் போய் மலைப்பாதையில் இறங்கினோம். வெடிவைத்துச் சாலையை அகலப்படுத்தியிருந்தார்கள். எந்த வளைவு, எந்தப் பாறை, ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. “இங்கனதான்” என்று ஒரு இடத்தைக் காட்டிவிடலாம்; அவள் நம்பியிருப்பாள். “தெரியலம்மா” என்றேன்.

சாலையோரத்திலேயே முழங்கால் போட்டேன். மன்னிப்புக் கேட்கத் தங்கை இல்லை. ஆண்டவரிடம்தான் கேட்டேன், சத்தமாக, அவள் பெயரைச் சொல்லி. வண்டிக்காரர்கள் பார்த்துக்கொண்டு போனார்கள். மகள் நின்றுகொண்டே இருந்தாள்.

திரும்பும்போது சொன்னாள்: “மன்னிக்கணும்னு சபையில சொல்லுதாக. எனக்கு இன்னும் வரல பெரியம்மா. வெறுத்துக்கிட்டே இருக்கவும் முடியல.”

“வரும்போது வரட்டும்” என்றேன். அவளிடம் அதைப் பிச்சையாகக் கேட்கும் உரிமை எனக்கு இல்லை என்று அப்போது புரிந்தது. தருபவர் வேறொருவர், அவரிடமிருந்து வாங்கிக்கொள்ள எனக்குத்தான் இத்தனை காலம் தைரியமில்லை.

அடுத்த திருவிருந்துக்கு எழுந்து போனேன். அப்பத்தைக் கையில் வாங்கினேன். மகள் அன்று கோயிலுக்கு வரவில்லை. இரண்டு வருஷம் கழித்து, அவளுக்கு இரண்டாவது பிரசவ வலி கண்டபோது, மருமகன் என் வீட்டுக்கு ஓடிவந்து, “ஒங்களத்தான் கூப்பிடுதா” என்றார். போனேன்.