ஞானகுமாரி வாயை மூடிய ஞாயிற்றுக்கிழமை

என் மனைவி ஞானகுமாரிக்குத் தொண்டை பெரிசு. பட்டாபிராம் மாதா கோயில் பாடகர் குழுவில் எல்லோருக்கும் மைக் உண்டு, அவளுக்கு மட்டும் கிடையாது. வீட்டில் துணி தைத்துக் கொடுக்கிறாள். தெருமுனையில் போகிற ஆளிடம் மெஷினை விட்டு எழுந்திருக்காமலே, "சுரேகா, ஜாக்கெட்டுக்கு ஊக்கு முன்னாலயா பின்னாலயா?" என்று கேட்டுவிடுவாள். தெரு முழுக்கப் பதில் தெரிந்துவிடும்.

அவளுக்கு இன்னொரு கிறுக்கும் உண்டு, நீராவி எஞ்சின். பத்திரமாகப் பாதுகாத்து வைத்திருக்கும் பழைய எஞ்சின் ஒன்றை வருஷத்தில் ஒன்றிரண்டு தடவை எங்கள் பக்கம் ஓட்டுவார்கள். காலையில் ஆவடியில் கிளம்பி, திருவள்ளூர் போய், மத்தியானம் திரும்பும். எனக்கு அது புகை விடுகிற இரும்பு. நாள் முழுக்க லேத் பட்டறையில் இரும்போடுதான் கிடக்கிறேன், லீவு நாளிலும் அதையே பார்க்க என்ன தலையெழுத்தா என்று கேட்டால், "எஞ்சினுன்னா மூச்சு வுடணும்யா. கரண்டு வண்டி ஃபேன் மாதிரி போவுது" என்பாள்.

அவளைப்போல இன்னும் சிலர் இருக்கிறார்கள். அம்பத்தூர் தினகரன் தலைமையில் ஒரு கூட்டம். எஞ்சின் ஓடும் நாளில் எங்கள் ஸ்டேஷனைத் தாண்டி, வேலிக்கு வெளியே இருக்கிற வெட்டவெளியில் கூடிவிடுவார்கள். புளிசாதம், பேச்சு, சிரிப்பு எல்லாம் உண்டு. ஆனால் புகை தெரிந்துவிட்டால் யாரும் மூச்சுக் காட்டக் கூடாது, எல்லோரும் ஒலிப்பதிவு செய்வார்கள். தும்மல் வந்தால் விழுங்கிக்கொள்ளவேண்டியதுதான். தினகரன் ரோமம் போர்த்திய மைக்கைப் பச்சைக் குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு நிற்பான்.

அந்த நேரம் பார்த்து ஞானகுமாரி இரண்டு கையையும் தூக்கிக் குதித்து, "வாடி என் ராசாத்தி!" என்று கத்துவாள். எஞ்சின் நீளமாக ஒரு விசில் கொடுக்கும். தினகரனின் பதிவில் அந்த விசில் ஒரு தடவைகூடச் சுத்தமாக விழுந்ததில்லை, மேலே இவள் குரல்தான் இருக்கும்.

போன தடவை அவன் பொறுமை போயிற்று. "அக்கா, தப்பா நினைக்காதீங்க. இனிமே நீங்க வேற எங்கனா நின்னு பாருங்களேன்" என்றான். அன்றைக்கு அவள் சரியாகச் சாப்பிடவில்லை. "அவங்க எல்லாரோடவும் நின்னு பாத்தாத்தான்யா திருநாளு. தனியா பாத்தா அது வெறும் வண்டி" என்றாள். அப்புறம் அவளே தினகரனுக்கு போன் போட்டு, "ஒரே ஒரு வாட்டி வுடுப்பா. வாயத் தொறந்தேன்னா நானே கூட்டத்த வுட்டுப் போயிடறேன்" என்று கெஞ்சினாள். எனக்குத் தினகரன்மேல் கோபம் வந்தது. அவன் கேட்பதிலும் நியாயம் இருந்ததால் கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

ஓட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. முதல் பூசை முடிந்ததும் போனோம். புகை தெரிந்ததுமே அவள் முந்தானையிலிருந்து ஒரு கமர்கட்டை எடுத்து வாயில் போட்டு இறுகக் கடித்துக்கொண்டாள். பல் ஒட்டிக்கொள்ளட்டும் என்றுதான். என் கையையும் பிடித்துக்கொண்டாள், எலும்பு நொறுங்கிவிடும் போல இருந்தது. எஞ்சின் வந்தது. தடதடவென்று எங்களைத் தாண்டியது. போயே போய்விட்டது.

விசில் வரவே இல்லை.

தினகரன் மைக்கை உதறிப் பார்த்தான். "இன்னாடா இது, எப்பவும் இங்கதான் குடுப்பாங்க?" ஞானகுமாரி கமர்கட்டோடு என்னைப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது.

அந்த வண்டியிலேயே பயணியாகப் போன கிருஷ்ணப்பிரியாவும் கூட்டத்து ஆள்தான். தினகரன் அவளுக்கு போன் போட்டு, திருவள்ளூரில் இறங்கியதும் டிரைவரை விசாரிக்கச் சொன்னான். அவள் திரும்பக் கூப்பிட்டபோது ஸ்பீக்கரில் போட்டான், எல்லோரும் கேட்டோம்.

"டிரைவர் தங்கவேல் சார் சொல்றாரு, அங்க எப்பவும் ஒரு அம்மா கைய தூக்கிக் குதிச்சிக் கூப்புடுவாங்களாம். அவங்களுக்குத்தான் அந்த விசிலாம். இன்னிக்கு எல்லாரும் செலை மாதிரி நின்னுகினு இருந்தாங்க, அந்தம்மாவக் காணோமே, உடம்பு கிடம்பு சரியில்லயான்னு கேக்கறாரு."

இத்தனை வருஷமாக எந்த விசிலுக்காக அவளை அதட்டினார்களோ, அதைக் கூப்பிட்டதே அவள்தான். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, ஆனால் தினகரன் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். அவன் மைக்கைத் தூக்கிக்கொண்டு நேராக அவளிடம் வந்தான்.

"அக்கா, மன்னிச்சிக்கோங்க. திரும்பி வர்றப்போ கத்துங்கக்கா."

கமர்கட் இன்னும் கரையவில்லை. அதை ஒதுக்கிக்கொண்டு, "எவ்ளோ சத்தமா?" என்று கேட்டாள்.

"உங்க இஷ்டம்."

மத்தியானம் மேற்கே புகை எழும்பியது. தினகரனே அவளை வரிசைக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினான். அவள் கையைத் தூக்கினாள். நான் தள்ளி நின்றதற்கே காது அடைத்தது. டிரைவர் தங்கவேல் தலையை வெளியே நீட்டி, கையை ஆட்டி, விசிலை இழுத்தார் பாருங்கள், நிறுத்தவே மனசில்லாதவர் போல எங்களைத் தாண்டிப் போயும் இழுத்துக்கொண்டே இருந்தார். ஞானகுமாரி அழுதுகொண்டே குதித்தாள். அவளைக் கட்டிக்கொண்டது நல்ல காலம் என்று எனக்கு அப்போது தோன்றியது.

அந்தப் பதிவைத் தினகரன் எதையும் வெட்டாமல் குரூப்பில் போட்டிருக்கிறான். முதலில் என் மனைவி, பிறகுதான் எஞ்சின். விசிலுக்கு நடுவில் கட்டைக் குரலில் இன்னொரு "ராசாத்தி!" கேட்கிறது. அது யார் என்று எல்லோரும் விசாரிக்கிறார்கள். எல்லோருக்கும் பின்னால் நின்றதால் நான் தப்பித்தேன்.

ஞானகுமாரிக்கு மட்டும் தெரியும்.